ஆயிரம் பதிலா, இருநூறு வீடா?

"மேடம், ஆயிரம் பேர் தாண்டிடுச்சு. இது போதும்தானே?"

ஆய்வு மாணவி ஒருவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார். கூகுள் ஃபார்மில் போட்ட கேள்விகள் வாட்ஸ்அப் குழு குழுவாகச் சுற்றி, பத்தே நாளில் அவ்வளவு பதில் வந்திருந்தது. வீட்டில் பணம், மருத்துவம், உறவினர் வீட்டுக்குப் போய்வருவது ஆகியவற்றை முடிவு செய்வதில் பெண்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது, அந்தப் பங்குக்கும் வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அவர் தலைப்பு. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "யாரும்மா அந்த ஆயிரம் பேர்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியலை மேடம்" என்றார்.

அவரைப் போலக் குழம்பி நிற்கும் பலரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தலைப்பு முடிவாகிவிட்டது, கேள்விகளும் ஓரளவு தயார். கையில் பணமும் நாளும் கொஞ்சம்தான். தரவு எடுக்க எதிரே நாலைந்து வழி இருக்கிறது. எதில் இறங்குவது?

பிழையே இல்லாத தரவு எந்த வழியிலும் கிடைக்காது. அதனால் நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு வழிகளை எடைபோடுவேன். இந்தத் தரவில் யார் விடுபட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியுமா? வந்த பதில் உண்மைதானா என்று சோதிக்க எனக்கு ஏதாவது பிடி இருக்கிறதா? இரண்டுக்கும் "ஆம்" என்று சொல்ல முடிந்தால், எண்ணிக்கை சிறியதானாலும் அந்த வழிக்கே என் ஓட்டு.

இணையப் படிவம்

செலவில்லை, அலைச்சல் இல்லை, பதில் நேராக எக்செல்லில் வந்து விழும். இந்த வசதியெல்லாம் உண்மைதான். சிக்கல், பதில் போட்டவர்கள் தாங்களாகவே வந்தவர்கள் என்பதில் இருக்கிறது. சொந்தமாக ஃபோன் இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அந்தக் குழுவில் இருக்க வேண்டும், அதற்கும் மேல் பதில் சொல்ல மனமும் நேரமும் வேண்டும். வீட்டு முடிவுகளில் பங்கே இல்லாத பெண்ணுக்கு இதில் எத்தனை இருக்கும்? நாம் அளக்க நினைப்பது எதுவோ, அதுவே யார் பதில் சொல்லலாம் என்று வடிகட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையை ஏற்றினால் இது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகாது. தவறான விடையை இன்னும் உறுதியாகச் சொல்ல வைக்கும், அவ்வளவுதான்.

இதைக் கண்ணெதிரே காட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021-ன் முதல் பாதியில், அமெரிக்காவில் எத்தனை பேர் முதல் தவணை கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று மூன்று கணக்கெடுப்புகள் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. ஃபேஸ்புக் வழியாக நடந்ததில் வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேர் பதில் சொன்னார்கள். அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு நடத்தியதில் ஒரு சுற்றுக்குச் சுமார் 75,000 பேர். மூன்றாவது, ஆக்சியோஸ் என்ற செய்தி நிறுவனமும் இப்சோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. அதில் சுமார் 1,000 பேர் மட்டுமே. நாட்டில் உண்மையிலேயே போட்ட ஊசிகளின் கணக்கோடு ஒத்துப் பார்த்தபோது, மே மாத நிலவரப்படி ஃபேஸ்புக் கணக்கு 17 சதவீதப் புள்ளி அதிகமாகவும், 75,000 பேர் கணக்கு 14 புள்ளி அதிகமாகவும் காட்டியிருந்தன. ஆயிரம் பேரைக் கேட்டதுதான் உண்மைக்கு நெருங்கி நின்றது. இந்த ஒப்பீடு அதே ஆண்டு டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது.

அந்த ஆயிரம் பேரை எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளை எடுத்து, இணையம் இல்லாத வீட்டுக்குக் கருவியும் இணைப்பும் கொடுத்துச் சேர்த்த குழு அது. செலவு முழுவதும், வெளியே நிற்பவர்களை உள்ளே கொண்டுவருவதற்குப் போயிருக்கிறது. ஃபேஸ்புக்கில் அழைப்பு எக்கச்சக்கமானோருக்குப் போனாலும் பதில் சொன்னவர்கள் நூற்றில் ஒருவர் என்ற அளவுதான்.

வந்தவர்கள் உண்மையைச் சொல்கிறார்களா என்பது அடுத்த கவலை. விருப்பப்பட்டவர்கள் சேர்ந்து, சின்னத் தொகைக்காகப் பதில் சொல்லும் இணையக் குழு ஒன்றில், மக்கள் கருத்தைக் கணிக்கும் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2022-ல் ஒரு கேள்வியை நுழைத்துப் பார்த்தது: அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களிடம் உரிமம் இருக்கிறதா? முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 12 சதவீதம் பேர் "இருக்கிறது" என்றார்கள். கேள்வியைப் படிக்காமலே "ஆம்" தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதே ஆட்கள் வன்முறை பற்றிய கேள்விக்கும் "ஆம்" தட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது. இப்போது மனிதரைப் போலவே எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு நீளமான பதில்களைக்கூட எழுத வைத்துவிடலாம். திறந்த கேள்விக்குப் பத்தி பத்தியாகப் பதில் வந்திருப்பதாலேயே எதிர்முனையில் ஒரு ஆள் இருக்கிறார் என்று நம்ப முடியாது.

அதற்காக இணையப் படிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வு செய்யப்போகும் கூட்டத்துக்கு முழுப் பட்டியல் ஒன்று இருந்தால், உதாரணமாக ஒரு தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள், ஒரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள், அது நல்ல வழி. ஆளுக்கொரு தனி இணைப்பு அனுப்பலாம். யார் பதில் சொல்லவில்லை என்பது பெயரோடு தெரியும், அவர்களைத் தேடிப் போகவும் முடியும். பட்டியல் இல்லாமல் காற்றில் விட்ட படிவத்துக்கு இந்தப் பிடி எதுவும் கிடையாது.

தொலைபேசி

இது நடுத்தரமான வழி. எண்களைக் குலுக்கல் முறையில் எடுக்கலாம், குரல் கேட்கிறது, பதிவு செய்து பின்னால் சரிபார்க்கலாம். ஆனால் யாரும் எடுப்பதில்லை. அமெரிக்காவில் பியூ நடத்திய தொலைபேசிக் கணக்கெடுப்புகளில் 1997-ல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018-ல் 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பதில் விகிதம் குறைந்தாலே தரவு கெட்டது என்று அர்த்தமில்லை. எடுக்காதவர்கள் எடுத்தவர்களைப் போலவே இருந்தால் பாதகமில்லை. அப்படி இருக்கிறார்களா என்பதை வேறொரு நல்ல கணக்கோடு ஒத்துப் பார்த்தால்தான் தெரியும். நம் மாணவியின் தலைப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மறுமுனையில் ஃபோன் ஸ்பீக்கரில் இருக்கிறதா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கும்போது அடி உதையைப் பற்றிக் கேட்பது பதிலைக் கெடுப்பதோடு நிற்காது, அந்தப் பெண்ணுக்கே ஆபத்தாக முடியலாம். ஒருமுறை நேரில் போய்ப் பேசிப் பழகிய பிறகு அடுத்தடுத்த சுற்றுகளுக்குத் தொலைபேசி நன்றாகக் கைகொடுக்கும்.

வீட்டுக்குப் போவது

மனதாரச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த வழி இதுதான். சரியாகச் செய்யாவிட்டால் மிக மோசமாகக் கெடுவதும் இதுவே. நேரில் போய் எடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தரவை நான் நம்புவதில்லை.

முதல் தப்பு கதவிலேயே நடக்கும். கதவைத் திறந்தவரிடமே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். பகலில் கதவைத் திறப்பவர் வேலைக்குப் போகாதவராகவோ முதியவராகவோ இருப்பார். வேலைக்குப் போகும் பெண்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். வீட்டில் உள்ள பெரியவர்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் எழுது, கையில் இருக்கும் அட்டவணை யாரைக் காட்டுகிறதோ அவரிடம் மட்டும் பேசு, அவர் இல்லையென்றால் திரும்பி வா. இந்த "திரும்பி வா"தான் காசையும் நாளையும் தின்னும். தரமும் அதில்தான் இருக்கிறது.

அப்புறம், யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது. ஒரு வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்க மருத்துவச் செலவைப் பற்றி வீட்டில் யார் முடிவு பண்ணுவாங்க?" அவர் வாயைத் திறக்கும் முன், நிலைப்படியில் சாய்ந்து நின்ற கணவர், "ரெண்டு பேரும் பேசித்தான்" என்றார். அந்தப் பெண்ணும் "ஆமா, ரெண்டு பேரும்தான்" என்றார். நான் அதற்கு நேராகக் குறியீட்டு எண்ணை எழுதிவிட்டு வந்தேன். சில நாள் கழித்து மறுசரிபார்ப்புக்குப் போன பெண், அவரைத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தனியாகப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டபோது வந்த பதில் வேறு. தாளில் இரண்டு பதிலும் ஒரே அளவு சுத்தமாகத்தான் தெரிகின்றன. மறுபடி போகாமல் விட்டிருந்தால் என் தவறு எனக்குத் தெரியவே போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், தனிமை கிடைத்தால்தான் கேட்க வேண்டும், யாராவது வந்தால் பேச்சை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் கட்டாய விதிகள். அந்த ஆய்வின்போது செர்பியாவில் கிடைத்த ஓர் அனுபவத்தை நான் அடிக்கடி சொல்வேன். முன்அனுபவமே இல்லாத பெண்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து ஒரு பக்கம் அனுப்பினார்கள். ஏற்கெனவே இதே தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி மட்டும் கொடுத்து இன்னொரு பக்கம் அனுப்பினார்கள். அதிகம் பேர் பேசச் சம்மதித்ததும், அதிகம் பேர் மனம் திறந்து சொன்னதும் புதியவர்களிடம்தான். பயிற்சிக்குப் போகும் பணத்தை வெட்டி மாதிரி எண்ணிக்கையை, அதாவது கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வயது என்ற சாதாரணக் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். களத்திலிருந்து வந்த எந்தத் தரவையும் நான் முதலில் வயது வரிசையில் அடுக்கிப் பார்ப்பேன். 30, 30, 30, 32, 35, 35, 35, 35, 38, 40, 40, 40 என்று 0, 5-ல் முடியும் எண்களாகவே குவிந்துகொண்டு போனால், வயதை யாரோ குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயதைச் சொன்னவர்களை எண்ணி, ஐந்தால் பெருக்கி, மொத்தப் பேரால் வகுத்து நூற்றால் பெருக்க வேண்டும். 100 வந்தால் சாய்வு இல்லை. 500 வந்தால் எல்லாருமே உருண்டை எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிட வேலை. இது மோசமாக வந்தால், வருமானம், நில அளவு போன்ற கடினமான கேள்விகளின் பதில் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். களத்தில் இதற்கு மருந்தும் உண்டு: "மூத்த பிள்ளை பிறந்தப்போ உங்களுக்கு என்ன வயசு? அந்தப் பிள்ளைக்கு இப்போ என்ன வயசு?" என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால், 35 என்றவர் 37-க்கோ 33-க்கோ வந்து நிற்பார்.

களப்பணியாளர்களைச் சோதிக்க இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் காட்டிய வழியை விட நேர்மையான ஒன்றை நான் பார்க்கவில்லை. ஒரே பகுதியிலிருந்து குலுக்கல் முறையில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடு. இரண்டு வெவ்வேறு குழுக்களை அனுப்பு. இரண்டு விடையும் எவ்வளவு விலகுகின்றன என்று பார். யாரையும் குற்றம் சாட்டாமலே, ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு எண்ணாக வெளியே வந்துவிடும். சிறிய ஆய்விலும் இதைச் செய்யலாம்: பகுதிக்கொருவர் என்று பிரித்துவிடாமல், இரண்டு பேரையும் எல்லாப் பகுதிக்கும் கலந்து அனுப்பினால் போதும்.

இந்த வழியின் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீட்டார் பல விஷயங்களில் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவு, துளியும் இல்லையென்றால் 0, முழுக்க ஒன்றுபோலவே என்றால் 1 என்ற கணக்கில், 0.05 என்று வைத்துக்கொண்டால், 20 பகுதிகளில் பகுதிக்குப் பத்து வீடு என்று எடுத்த 200 வீடுகள், கணக்கில் சுமார் 138 வீட்டின் பலத்தைத்தான் தரும். விடையில் எட்டு சதவீதப் புள்ளி இப்படியும் அப்படியும் போகலாம். சின்னச் சின்ன வேறுபாடுகளை இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் இந்தத் தடுமாற்றத்தின் அளவு நமக்குத் தெரிகிறது, எழுதியும் வைக்கலாம். அந்த ஆயிரம் படிவத்தில் எவ்வளவு தடுமாற்றம் என்பதை யாராலும் எழுத முடியாது.

ஏற்கெனவே இருக்கும் தரவு

பல மாணவர்கள் இதைக் குறைவாக நினைக்கிறார்கள், "சொந்தமா எடுத்தாத்தான் ஆய்வு" என்பது போல. எனக்கு இதில் உடன்பாடில்லை. மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் 1984-ல் தொடங்கி 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம், மருத்துவம், பெரிய செலவு, உறவினர் வீட்டுக்குப் போவது இவற்றை யார் முடிவு செய்கிறார்கள் என்று அதில் கேட்கிறார்கள். பல நாடுகளில் வன்முறை பற்றிய தனிப் பகுதியும் உண்டு. அதாவது, நம் மாணவியின் தலைப்பில் பாதிக்கு, அவரால் கனவிலும் எட்ட முடியாத மாதிரி அளவில், தரவு ஏற்கெனவே இருக்கிறது. பதிவு செய்து கேட்டால் இலவசம். 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நிதி நின்று அந்தத் திட்டம் தடைபட்டபோது ஆய்வாளர்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள் என்பது இதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

அதிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் உடல்நலம் பற்றிய நீண்ட பகுதியை, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் கேட்பார்கள். அந்த எல்லைக்கு முந்தைய ஆண்டில் பிறப்புகள் திடீரென்று அதிகமாக இருப்பதைப் பல நாட்டுத் தரவுகளில் காணலாம். களைத்துப்போன களப்பணியாளர் குழந்தையின் பிறந்த ஆண்டை ஒன்று பின்னால் தள்ளிவிட்டால் அவ்வளவு கேள்வியும் மிச்சம். 49 வயதுப் பெண்கள் குறைந்து 50 வயதுக்காரர்கள் பெருகுவதும் இதே காரணத்தால்தான். களப்பணியாளர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கேள்வித்தாளை அவ்வளவு நீளமாக்கியது நாம்தானே.

அலுவலகப் பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாக. காவல் நிலையப் புகார் எண்ணிக்கையை வைத்து வன்முறையை அளப்பதை நான் எப்போதும் தடுப்பேன். அந்த எண், எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள், அதில் எத்தனையை எழுதிக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்லும். பெண்கள் தைரியமாக முன்வரத் தொடங்கினால் எண் ஏறும், வன்முறை குறைந்துகொண்டிருந்தாலும்கூட. 2014 ஜனவரியில் பிரிட்டனின் புள்ளியியல் ஆணையம், இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் காவல்துறை பதிந்த குற்றக் கணக்குகளுக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற தர முத்திரையையே எடுத்துவிட்டது. ஓர் எண்ணை வைத்து அதிகாரிகளை மதிப்பிட ஆரம்பித்தால் அந்த எண்ணே வளையத் தொடங்கும் என்று அமெரிக்க சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970-களிலேயே எச்சரித்திருந்தார்.

எந்த வழியானாலும், எடுத்த தரவைக் கையாளும் மேசையிலும் பிழை வரும். 2010-ல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார வல்லுநர்கள் இருவரும் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எக்செல் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிசையைத் தொடாமல் விட்டிருந்தது. 2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அசல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் தனியாக எழுதி வைக்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

சரி, எதை எடுப்பது?

தனி ஆளாகச் செய்பவருக்கு நான் சொல்வது இது. முதல் மாதம் முழுக்க, இருக்கும் தரவைத் தேடுங்கள். அகலமான கேள்விக்கு அதையே பயன்படுத்துங்கள். அதில் கேட்காமல் விட்டது எது என்று தெரிந்த பிறகு, அந்த இடைவெளிக்கு மட்டும் வீடுகளுக்குப் போங்கள். இருநூறு போதும், நூற்றைம்பது என்றாலும் பரவாயில்லை. மறுசரிபார்ப்புக்கான பணத்தைத் தொடங்கும் முன்பே தனியே எடுத்து வையுங்கள். பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறொருவர் மறுபடி போக வேண்டும். பணம் இறுக்கினால் வீடுகளைக் குறையுங்கள், கேள்விகளைக் குறையுங்கள், அந்த மறுபயணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நாடு முழுவதற்குமான சதவீதம்தான் வேண்டும் என்றால் உங்கள் இருநூறு வீட்டால் அது முடியாது. அப்போது இருக்கும் தரவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அந்த மாணவி ஆயிரம் பதிலையும் தூக்கிப் போடவில்லை. எந்தக் கேள்வியில் அதிகம் பேர் பாதியில் வெளியேறினார்கள், எந்தச் சொல் புரியாமல் போனது என்று பார்ப்பதற்கு வைத்துக்கொண்டார். அறுபது கேள்விகள் இருபத்திரண்டாகக் குறைந்தன. போன வாரம் முதல் நாற்பது வீட்டுத் தாள்களைக் கொண்டுவந்தார். ஒன்பது தாள்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "மாமியார் கூடவே இருந்தார். மறுபடி போக வேண்டும்."